மிஷின் பையில் மிளகு

ஏணியிலிருந்து விழுந்தபோது நான் குடித்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். தூக்கி வந்தவர்கள் கேட்டார்கள். எலும்பு டாக்டர் என் வாயருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

மலை மேல் வாழவந்தி நாட்டில் எங்கள் தோட்டத்து மிளகுக்கொடி எல்லாம் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் பை கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். பட்டப்பகல். கையில் ஒரு கொத்து இருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தரை. நடுவில் தூங்கியிருக்கிறேன், ஏணி மேல் நின்றபடியே.

தோள் எலும்புக்குத் தகடு வைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா மறுநாள் வார்டுக்கு வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மனைவி பாவாயியிடம்தான் கேட்டார்.

"ராத்திரி இவர் குறட்டை விடுவாரா?"

"ஊடே அதிருமுங்க."

"நடுவுல மூச்சு நிக்குமா?"

"நிக்குமுங்க. நான் ஒரு இடி இடிப்பேன். மறுபடி வந்துரும்."

"எத்தனை வருஷமா இடிக்கிறீங்க?"

பாவாயி சிரித்தாள். "கண்ணாலம் ஆனதுல இருந்துங்க. பழகிப்போச்சு."

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்து, மூச்சு நின்று நின்று வரும் நோய்) என்றார்கள். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். அதனால் பகலில் எங்கே நின்றாலும் தூக்கம் ஆளை அடித்துப்போடும். இத்தனை வருடமும் நான் தூங்குவதாகத்தான் நினைத்திருந்தேன்.

சிபேப் (மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாக அழுத்தத்துடன் காற்றை அனுப்பித் தொண்டை மூடாமல் வைத்திருக்கும் கருவி) வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். சோளக்காடு சந்தை வரைக்கும் சேதி போய்விட்டது.

"ஏப்பா, ராத்திரியில ஏரோப்ளேன் ஓட்டறயாமே?" என்றான் பலாப்பழம் விற்கிறவன்.

"ஆமா. உன்ற ஊட்டு மேலதான் எறக்கலாம்னு இருக்கறேன்."

புதிதாக மாட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் சில வாரம் நரகம்தான். வாய் காயும், மூக்குத் தண்டு புண்ணாகும், கழற்றி எறியத் தோன்றும். நான் எறிந்திருக்கிறேன். பாவாயி எடுத்து வந்து மறுபடி மாட்டுவாள். ஒரு காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தேன். காலைத் தலைவலி எல்லோருக்கும் உள்ளது என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

நான் தூங்க ஆரம்பித்த பிறகும் பாவாயி தூங்கவில்லை. இடித்துப் பழகிய பழக்கம் என்று விட்டுவிட்டோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை என்று அவள் சொன்னபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மைட்ரல் வால்வு சுருக்கம் (இதயத்தின் இடது அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவு சரியாகத் திறக்காத நிலை). சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் விட்டுப்போன வேலையாம். வால்வை மாற்ற வேண்டும், சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள்.

சென்னை ஆஸ்பத்திரியின் இதய டாக்டர் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ரயில்ல வர்ற ராத்திரி நல்லாத் தூங்கிட்டு வரட்டும். படபடப்போட வந்தா ஆபரேஷன் தள்ளிப்போகும்."

எனக்கு ரயிலில் ஒரே பயம் பிளக்கைப் பற்றித்தான். மிஷின் ஓடாவிட்டால் நான் குறட்டை விடுவேன். குறட்டை நின்றால், மூச்சு நின்றுவிட்டதென்று அவள் விழிப்பாள். அதனால் ஏசி பெட்டியில், பிளக் பக்கத்தில், எதிரெதிராகக் கீழ் பெர்த் பதிவு செய்தோம். ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போய், பெட்டிக்குள் ஏறியதும் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். கரண்ட் வந்தது. பாவாயியைப் பார்த்துச் சிரித்தேன்.

மிளகைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் மலை இறங்கிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாலும் அப்படித்தான். சென்னையில் பாவாயியின் தங்கை இருக்கிறாள். அவளுக்கு எங்கள் தோட்டத்து மிளகு. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆட்டுகிற ஆட்டத்தில் மிஷின் அடிபடும் என்று, பழைய சேலைத் துணியில் மிளகை முடிச்சு முடிச்சாகக் கட்டி மிஷினைச் சுற்றி அண்டக் கொடுத்திருந்தாள். இன்னும் முறத்தில் புடைத்துத் தூசி போக்காத மிளகு. நானும் பார்த்தேன். நல்ல யோசனைதான் என்றேன்.

விளக்கை அணைத்தார்கள். மாஸ்க்கை மாட்டி மிஷினைப் போட்டேன்.

முதல் மூச்சே நெருப்பு. மூக்கு, தொண்டை, நெஞ்சு எல்லாம் எரிந்தது. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தும்மினேன், இருமினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. மேல் பெர்த்தில் இருந்த ஆள் "என்ன சார், என்ன சார்" என்று எட்டிப் பார்த்தார். பாவாயி மாஸ்க்கை மோந்து பார்த்தாள். ஒரு நொடி சிரித்தாள். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கெட்டது பத்தாதுன்னு உங்க மிஷினையும் கெடுத்துப்போட்டேனுங்க."

"அழுவாத புள்ள. கழுவுனாப் போவும்."

போகவில்லை. மாஸ்க்கைக் கழுவினேன், குழாயை உதறினேன். காற்று உள்ளே போகும் இடத்தில் இருந்த பஞ்சு வடிகட்டி பூராவும் மிளகுத் தூசி. அதை எடுத்துவிட்டுப் போட்டாலும் எரிந்தது. பிளக்கில் கரண்ட் இருந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்.

"நான் தூங்கலை. உக்காந்திருக்கறேன். நீ படு."

"நீங்களா? ஏணி மேலயே தூங்குன ஆளு."

"இன்னைக்குத் தூங்க மாட்டேன். படு."

படுத்தாள், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து. நான் கதவருகே போய் நின்றேன். முகம் கழுவினேன். விரலைக் கடித்தேன். கால் வலித்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று வந்தேன். அவ்வளவுதான். இந்த நோயில் மனஉறுதி என்று ஒன்றும் கிடையாது. அதை நம்பாதீர்கள்.

விடியும்போது மேல் பெர்த்காரர் இறங்கினார். "சார், நைட் பூரா உங்க குறட்டைல ஒருத்தரும் தூங்கலை."

"சாகாமக் கெடந்தேனே, அதுக்குச் சந்தோசப்படுங்க" என்றேன்.

பாவாயி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கை என் விலாவில் இருந்தது.

"இடிச்சயா?"

"வுடுங்க. ஊரு வந்துருச்சு."

ஆஸ்பத்திரியில் அவள் நாடி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டாக்டர் கேட்டார். "ஏம்மா, ராத்திரி தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேனுங்க."

"பொய்" என்றேன் நான். நடந்ததைச் சொன்னேன்.

"மிளகா? மிஷின் பையிலயா?" என்றார் அவர். சிரிக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, அதை இறக்கிய பிறகுதான் ஆபரேஷன் என்று தள்ளிவைத்தார். அந்த ராத்திரியால் வந்ததா என்று நான் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஒரு ராத்திரியால் மட்டும் வந்ததல்ல என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லோடுதான் நான் அந்த வராண்டாவில் நாட்களை ஓட்டினேன். அவள் தங்கை தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அந்த மிளகில்தான் ரசம் வைத்திருந்தாள். நான் தொடவில்லை.

உங்களிடம் இந்த மிஷின் இருந்தால் அதற்கென்று தனிப்பை வையுங்கள். அதில் வேறு எதையும் வைக்காதீர்கள், பாசத்தோடு கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆபரேஷன் நடந்தது. உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அரிவாள் பிடிக்கக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. எனக்கு ஏணி கூடாது. எங்கள் கொடியில் இப்போது வேறு ஆட்கள் ஏறிப் பறிக்கிறார்கள். நாங்கள் இருவரும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம்.

உலோக வால்வு மூடும்போது சத்தம் வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பகலில் தெரியாது. மலையில் ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு கேட்கும், டிக், டிக் என்று.

"உங்களுக்கு மோட்டார் வெளிய, எனக்கு உள்ள" என்றாள் முதல் நாள். அன்றைக்குச் சிரித்தேன்.

இப்போதெல்லாம் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி கிடக்கிறேன். மாட்டினால் காற்றின் இரைச்சலில் அது கேட்காது. மாட்டாவிட்டால் அவள் தூங்கமாட்டாள்.

"மாட்டுங்க" என்பாள் இருட்டில்.

மாட்டுகிறேன். கண்ணை மூடித் திறந்தால் விடிந்துவிடுகிறது. நடுவில் போன நேரம் எனக்குத் தெரிவதில்லை. முன்பெல்லாம் அதை அவள் அறிந்திருந்தாள், இடித்து இடித்து. இப்போது இருவருமே இல்லாத நேரம் அது. காலையில் முதல் வேலையாகக் கையை நீட்டி மிஷினை நிறுத்துகிறேன். அந்த டிக் கேட்கும் வரைக்கும் நான் அவள் பக்கம் திரும்புவதில்லை.