அனுப்பி வைக்கிற ஆஸ்பத்திரி

என்னோடு எம்.பி.பி.எஸ். படித்தவன் இப்போது நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இருக்கிறான். நான் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர். விபத்தில் அடிபட்டவர்கள் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். மூச்சு சீராக இருக்கிறதா பார்த்து, கட்டுப் போட்டு, சலைன் ஏற்றி அவனிடம் அனுப்புவோம். அவனுக்கு எந்நேரமும் திறந்திருக்கும் ஆபரேஷன் தியேட்டர், அதே கட்டடத்தில் ரத்த வங்கி. எங்கள் சர்ஜன் போன் போட்டால் வருவார், பல்லாவரம் சிக்னலில் மாட்டாமல் இருந்தால். அவன் பச்சை உடுப்போடு ஸ்டேட்டஸ் வைத்தால், நான் பார்த்தது அவனுக்குத் தெரியாதபடி போனில் செட்டிங் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த அளவு பொறாமை.

ஒரு சாயங்காலம் மாடம்பாக்கம் பக்கம் தண்ணீர் லாரி உரசி பைக்கோடு விழுந்த ஏ.சி. மெக்கானிக்கை அவருடைய அக்கா ஆட்டோவில் கொண்டுவந்தார். வெளியே பெரிய காயம் இல்லை. நாடி மட்டும் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தது, பி.பி. இறங்கியது. அல்ட்ராசவுண்ட் வைத்தேன். இடது விலாவுக்குக் கீழே கறுப்பாக ரத்தம் தேங்கியிருந்தது. நானே கண்டுபிடித்தது! விட்டுக்கொடுக்க மனமே வரவில்லை.

"சி.டி. ஸ்கேன் கீதுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே சார், இங்கயே எடுத்துடுங்க" என்றார் அக்கா. எனக்கும் அதே ஆசைதான்.

அனுப்புவதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்ல வேண்டும். எடுத்தது அவன்.

"வயித்துல ரத்தம்டா. மண்ணீரல்னு நினைக்கிறேன். ஒரு சி.டி. எடுத்துட்டு..."

"எடுத்து இன்னா பண்ணப் போற மச்சான், ஃபிரேம் போட்டு மாட்டுவியா? அதுக்குள்ள ஆளு போயிடுவாரு. ஏத்துடா வண்டியில!"

அவன் சொன்னது சரி. அதுதான் எரிந்தது. ஸ்கேனை விட்டுவிட்டு உடனே ஏற்றினேன். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது, அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கையால் பிழைக்கக் கூடாதா என்றும் நினைத்தேன்.

ராத்திரி அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மண்ணீரலை எடுத்தாச்சு, ஆளு ஓகே. கரெக்டா அனுப்பிச்சடா." அனுப்பியதற்கு ஒரு பாராட்டு!

கொஞ்ச நாள் கழித்து, வீட்டுக்குப் பக்கம் என்று மெக்கானிக் எங்களிடமே தையல் பிரிக்க வந்தார். அன்று அரை மயக்கத்தில் இருந்தவருக்கு என் முகம் ஞாபகமில்லை.

"அங்க ஒரு டாக்டர் சார், தெய்வம் மாதிரி. உங்க வயசுதான் இருக்கும். நீங்க இங்க புதுசா சார்?"

"ஆமாங்க" என்றேன்.

சட்டையைத் தூக்கினார். நடுவயிற்றில் மேலிருந்து கீழ்வரை அவன் போட்ட தையல். ஒன்றாவது கோணலாக இருக்காதா என்று தேடிக்கொண்டே பிரித்தேன். எல்லாம் நேராக இருந்தன.