ஐந்தாவது கோடு

கடந்த ஜூனில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழே கால். காப்பி டம்ளரை எடுக்க வலதுகையை நீட்டினேன். நீட்டியதாகத்தான் நினைத்தேன். கை மடியிலேயே கிடந்தது.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். பத்தாம் நாள் மில்லர்புரம் வீட்டுக்குத் திரும்பினேன். நடந்தேன், பேசினேன். கை மட்டும் வரவில்லை. கடலுக்கடியில் கிடக்கும் பொருளைப்போல, கண்ணுக்குத் தெரிந்தது, எட்டவில்லை. துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் வேலை. வீட்டில் தினமும் டைரி. இரண்டும் போய்விட்டன. சட்டைப் பொத்தானைக்கூட மனைவி எஸ்தர்தான் போட்டுவிட்டாள். ஏன் பிழைத்தேன் என்று அழுதேன்.

பயிற்சி தர வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு கருவி கொண்டுவந்தாள்; அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். காதுமடலில் ஒரு கிளிப். அங்கே ஓடும் நரம்பைத் தோலுக்கு மேலிருந்தே மெல்லிய மின்சாரம் தூண்டும். அதோடு கையைப் பழக்கினால் மூளை மறந்ததைத் திரும்பக் கற்கலாம் என்றாள். ஆறு வாரத்துக்குத்தான் இரவல். பலன் இல்லாவிட்டால் வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னாள்.

இங்கேதான் நான் தவறினேன். குணமானபின் சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது, தந்தது கர்த்தரா கருவியா என்ற கலப்படம் இருக்கக் கூடாதே! அதனால் ஒருநாள் ஜெபம் மட்டும், மறுநாள் கருவி மட்டும். கருவி நாளிலும் கையைப் பழக்காமல் சும்மா காத்திருந்தேன். எஸ்தரை டைரியில் ஜெபத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று என இரண்டு பத்தி பிரிக்கச் சொல்லி, எதில் பலன் என்று குறிக்கச் சொன்னேன். நான்கு வாரம். இரண்டு பத்தியும் வெறுமை.

எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏங்க, கர்த்தர் என்ன சரக்குக் கப்பலா, இறங்க இறங்க நீங்க கோடு போட்டுக்கிட்டு நிக்கதுக்கு?"

சிரிப்பு வந்தது. பிறகு வெகுநேரம் அழுதேன்.

மறுநாள் காலை கிளிப்பை மாட்டி, பென்சிலை விரல்களோடு துணியால் கட்டினாள். காதில் சிறு அலை வந்து வந்து தொடுவதுபோல் இருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. அவள் என் தோளில் கைவைத்து ஜெபித்தாள். நான் பென்சில் கட்டிய கையைத் தாளில் தள்ளிக்கொண்டே, "ஆண்டவரே, எந்த வழியா வேணும்னாலும் தாரும்" என்றேன். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு அமைதி. தண்ணீருக்கடியிலிருந்து ஏதோ மெதுவாக மேலே வந்தது. தாளில் ஒரு கோடு. கோணல்தான்.

தினமும் அப்படியே செய்தோம். நான்கு கோடு போட முடிந்தது. குறுக்குக் கோட்டுக்கு மணிக்கட்டு திரும்ப வேண்டும், திரும்பவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் காலையில் திரும்பியது. நான்கையும் வெட்டிக்கொண்டு போனது ஐந்தாவது கோடு. கருவியை வாங்க வந்த தங்கச்சி தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை நான் வச்சிக்கிடட்டா?" என்றாள்.

இதை என் வலதுகையால் எழுதுகிறேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. கழுத்துப் பொத்தான் இன்னும் எஸ்தர் பொறுப்பு. டைரியில் இப்போது ஒரே பத்தி.

படுக்கையில் இதை வாசிக்கிறவரே, மருத்துவர் சொன்னதைச் செய்யுங்கள். செய்யும்போதே ஜெபியுங்கள். எந்த வழியாக வந்தது என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். தந்தவர் அவர். நீங்களும் அவரை நம்பிக் கையை நீட்டுங்கள்.