சிறையிலிருந்து சிறைக்கு

1986 பெப்ரவரியில், நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த நகரின் லா ஷப்பல் பகுதியில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் அவரைச் சந்தித்தேன். ஒடிசலான மனிதர். உணவகத்து மேசைவிரிப்புகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு, மடியில் இருந்த பைபிளைப் பார்த்து வான்கடிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய்வந்தார்.

“தம்பி ஊரிலை மறியல்லை இருக்கிறான். சொந்தமா எழுதினா சிறைக்குள்ளை விடாங்கள். வேதத்திலை உள்ளதெண்டா மட்டும் விடுவாங்கள்” என்றார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது, ஊரில் சின்னப்பர் என்று சொல்லும் புனித பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய கடிதம். அது ரோமிலா எபேசுவிலா, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை என்று வழக்கம்போல் தொடங்கினேன்.

“அதை விடுங்கோ அண்ணை. சின்னப்பரைப் பிறகு வெளியாலை விட்டவங்களோ? இவனுக்கு வாற மாசம் ரெண்டு வருசம்.”

அப்போஸ்தலர் பணி நூலும் பவுலின் இரண்டு ஆண்டுக் காவலோடு முடிந்துவிடுகிறது. விடுதலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆதாரமில்லாமல் ஒரு தேதிகூடக் குறிக்காத நான், “ஓம், விட்டவங்கள்” என்றேன்.

அவர் உட்கார்ந்து அதையும் கடிதத்தில் சேர்த்து எழுதினார். நான் தடுக்கவில்லை. வேதத்தில் இல்லாத அந்த ஒரு வரிக்காகக் கடிதத்தையே நிறுத்திவிட்டார்களோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.