தலைகீழாகப் படித்த கன்னியம்மா

சவுக்குத் தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டது நான். திருப்போரூர் வரை நடந்து போய்ப் பாடப் புத்தகம் வாங்கி வந்தது நான். கரும்பலகைக்கு வழியில்லாமல் மணலில் எழுதிக் காட்டிப் பாடம் நடத்தியதும், ஐந்தாவதோடு நின்றுபோன இதே நான்தான். ஐம்பதுகளில் மாமல்லபுரம் பக்கத்து எங்கள் குப்பத்துக்கு வேறு வாத்தியார் கிடையாது.

வருஷக் கடைசியில் பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டர் வந்தார். என்னிடம் படித்த கன்னியம்மா அதில் தேறினால்தான் செங்கல்பட்டு விடுதிப் பள்ளியில் இடம். அவர் நீட்டிய புத்தகத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தாள்.

"மனப்பாடமா?" என்று வேறு பக்கத்தைக் காட்டினார். அதையும் தலைகீழாக்கிப் படித்தாள். எனக்குத் தலை சுற்றியது.

"ஏம்மா இப்படி?" என்று அவளைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒரே புக்கு சார். அது வாத்தியார் மடியில கீது. நாங்க எதுர்ல குந்திகினு பாப்போம். மணல்ல எழுதனாலும் அவரு பக்கந்தான் நேரு."

வாசலில் நின்ற அவள் அப்பா சிரித்தார். "கொஞ்சம் திருப்பிக் காட்டினா இன்னா வாத்தியாரே?"

இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டார். கிளம்பும்போது, "உங்களையும் மீறிப் படித்துவிட்டாளே!" என்று என் தோளைத் தட்டினார்.

அது பாராட்டா, ஏச்சா? பள்ளி மூடிய அந்தக் கோடை முழுவதும் யோசித்தேன். இன்றுவரை விளங்கவில்லை. பிறகு அவள் நர்ஸாகி ஊருக்கு வந்தபோது, சொந்த முயற்சியால் படித்தவள் என்று மேடையில் பேசினார்கள். அது எப்படி? எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, எழுத்தைக் காட்டியவன் நான். என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.