புகைக்குழாய்க்குள் கேட்ட சத்தம்

சிவதர்சினியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஆரா நகருக்குக் கிழக்கே, ஆறும் ரயில் பாதையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகிற ஒரு கிராமத்து மருந்துக்கடையில் அவள் வேலை செய்கிறாள். ஆள் வராத நேரத்திலும் சும்மா நிற்கமாட்டாள். அடுக்கிய பெட்டிகளையே இறக்கித் துடைத்து மறுபடி அடுக்குவாள். சாப்பிடுவதும் பெரும்பாலும் நின்றபடிதான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இதற்காக ஆசிரியை தாயைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். புலம்பெயர்ந்து வந்த தாய் தில்லைநாயகிக்கு அன்று அந்த ஊரின் டொச் (ஜெர்மன்) மொழி அவ்வளவாக விளங்காததால், மகள் கெட்டிக்காரி என்று சொல்கிறார்களாக்கும் என நினைத்துச் சிரித்தபடி வீடு திரும்பினார்.

அந்த ஊரில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர்கள் கிடையாது. தச்சு வேலை செய்கிறவர், பால்மாடு வளர்க்கிறவர், வங்கியில் இருக்கிறவர் என்று ஊரவர்களேதான் படை. இடுப்பிலிருக்கும் பேஜர் அலறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். இருபது வயதானவர்களை ஊராட்சி ஒரு மாலை கூப்பிட்டு இதையெல்லாம் விளக்கும். சிவதர்சினியும் போனாள். ஒரு மாலைக் கூட்டம்தானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அவளோ திரும்பி வரும்போது படையில் பெயரைப் பதிந்து, சப்பாத்துக்குக் கால் அளவு, கவசத்துக்குத் தலை அளவு எல்லாம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் வருடங்களில் முகமூடி போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமந்து புகைக்குள் போகப் பழகினாள். பிறகு பாரவண்டி ஓட்டும் அனுமதி எடுத்து, தண்ணீர் வண்டியை ஓட்டுவதும் அதன் பம்பை இயக்குவதும் அவள் பொறுப்பாயிற்று. அவள் சுபாவத்துக்கு அதைவிடக் கடினமான வேலை வேறில்லை. உள்ளே போகிறவர்களுக்குச் செய்வதற்கு ஏதாவது இருக்கும். பம்புக்காரி வண்டியின் பின்னால் நின்று தண்ணீரின் அமுக்கத்தைக் காட்டும் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முள் விழுந்தால் உள்ளே குழாய் பிடித்திருப்பவனுக்குத் தண்ணீர் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அதனாலேயே கால்கள் தரையில் நிற்காமல் மாறி மாறி எழும்பிக்கொண்டிருக்கும்.

தில்லைநாயகியின் தம்பி தம்பித்துரையின் மகள் ஜெனனிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கோபிசனுக்குக் கூர் நகரில் ஒரு ஹோட்டலில் வேலை. மண்டபம் சிவதர்சினியின் ஊரிலேயே கிடைத்தது. பள்ளிக்கூடமும் மண்டபமும் தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கொட்டகையும் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தன. ஒரு சிக்கல் மட்டும். மேடையில் ஓமம் வளர்த்தால் கூரையிலுள்ள புகையுணர்வான்கள் அலறும். அவற்றை அந்த நேரத்துக்கு நிறுத்திவைக்கலாம், ஆனால் நிறுத்தியிருக்கும் வரை தீயணைப்புப் படையிலிருந்து ஒருவர் காவல் நிற்க வேண்டும். படைத்தலைவர் பேயாத் லூஷர் ஆள் தேடியபோது சிவதர்சினி தானே கையைத் தூக்கினாள்.

தாய்க்கு அது பிடிக்கவில்லை. தாலியும் கூறைச்சேலையும் வைத்த தட்டைச் சபையினரிடம் கொண்டுபோய் ஆசி வாங்கிவர மாமன் அவளைத்தான் நினைத்திருந்தார். அவளுக்குச் சேலையும் எடுத்தாயிற்று. “சொந்த மச்சாளின்ர கலியாணத்தில காக்கிச்சட்டைக்காரி மாதிரி நிக்கப்போறியோ?” என்று கேட்டார். உடுப்பு கடும்நீலம் அம்மா, காக்கி இல்லை என்று மட்டும் மகள் சொன்னாள். கல்யாண வீட்டில் மணிக்கணக்காகக் கதிரையில் இருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும் என்பதை அவள் சொல்லவில்லை. தாய்க்கு அது தெரியாததுமல்ல.

பெப்ரவரி மாத ஞாயிறு காலை. வெளியே பனி உறைந்து கிடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. சிவதர்சினி ஓமகுண்டத்தருகே மணல் வாளியையும் தீயணைப்பானையும் வைத்தாள். அவசர வாசல்களின் முன் யாரோ இழுத்துப் போட்ட கதிரைகளை அகற்றினாள். ஒரு சுற்று முடித்து வருவதற்குள் அவை மறுபடி அங்கே இருந்தன. மறுபடி அகற்றினாள். தெரிந்தவர்கள் கையைப் பிடித்து, எப்போது உனக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள். அவள் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தாள். எதுவோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியபடி இருந்தது. ஆனால் அவளுக்கு எப்போதும் தோன்றுவது அதுதான் என்பதால் அதை நம்பவும் முடியவில்லை.

தட்டை வேறொரு பெண் கொண்டுபோனாள். ஆசி வாங்கி முடிந்து, ஜெனனி கூறை மாற்ற உள்ளே போனாள். மேளகாரர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சமையலறையில் யாரோ கத்தினார்கள்.

சமையற்காரர் மரியதாஸ் வடை பொரித்துக்கொண்டிருந்தார். பெரிய தாச்சி, நிறைய எண்ணெய். அவர் சாம்பார் பக்கம் திரும்பிய இடைவெளியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. சிவதர்சினி ஓடிப் போகையில் அவருடைய கையாள் ஒருவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டார். அதை அவள் தட்டிவிட்டு, சுவரில் இருந்த தீப்போர்வையை இழுத்து விரித்துத் தாச்சியை மூடினாள். காஸை அடைத்தாள். மேலே புகை உறிஞ்சும் காத்தாடி சுழன்றுகொண்டிருந்தது. அதையும் நிறுத்தினாள். நெருப்பு அடங்கிவிட்டது. மரியதாஸ் சுவரில் சாய்ந்து நெஞ்சைத் தடவினார்.

காத்தாடி நின்றபின்னும் சத்தம் நிற்கவில்லை. தகரக் குழாய்க்குள் தூரத்தில் லொறி ஒன்று மேட்டில் ஏறுவதுபோல ஓர் இரைச்சல். அவள் அடுப்பு மேடையில் ஏறிக் குழாயின் பக்கத்தில் காதைக் கொடுத்தாள். முகத்தில் சூடு அடித்தது. பல வருடமாகக் குழாயின் உட்பக்கத்தில் படிந்த எண்ணெய்ப் பிசின் எரிகிறது. குழாய் போவது கூரைக்கு. கூரை மரம். அதன்கீழே சனம்.

அவள் ரேடியோவில் லூஷரை அழைத்து இரண்டு வசனத்தில் நிலைமையைச் சொன்னாள். அதற்குள் தம்பித்துரை பட்டுவேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்துவிட்டார். தாச்சியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். மண்டபத்தை வெறுமையாக்க வேண்டும் என்று அவள் சொன்னது அவருக்கு விளங்கவேயில்லை.

“நெருப்பு நூந்திட்டுதெல்லே. பிறகென்ன?”

“தாச்சிக்குள்ள நூந்திட்டுது மாமா. குழாய்க்குள்ள எரியுது.”

“ஆர் கண்டது?”

“காணேல்லை. கேட்டனான்.”

அவர் சற்றுநேரம் நின்று காதைக் கொடுத்தார். மண்டபத்திலிருந்து தவில் அதிர்ந்தது. “எனக்கு ஒண்டும் கேக்கேல்லை,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, முகூர்த்தம் போகப்போகுது. ஒரு அரை மணித்தியாலம் பொறு. தாலியைக் கட்டட்டும், பிறகு நானே எல்லாரையும் வெளியில கூட்டிக்கொண்டு போறன்.”

அவள் அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளைத் தோளில் வைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போன மனிதர். “ஏலாது மாமா,” என்றாள்.

மேடையேறி மேளத்தை நிறுத்தச் சொன்னாள். ஒலிவாங்கியை வாங்கி, எல்லோரும் எழும்பி வெளியே போங்கோ, பைகளை எடுக்க நிற்க வேண்டாம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கோ என்று தமிழிலும், பின் டொச்சிலும் சொன்னாள். முதலில் யாரும் அசையவில்லை. ஏதோ சடங்கின் ஒரு பகுதி என்று சிலர் நினைத்தார்கள். அவள் குரலை உயர்த்தாமல் அதையே மறுபடி சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அதன்பிறகு கதிரைகள் கிறீச்சிட்டன.

மணப்பெண்ணின் அறைக் கதவை அவளே தட்டினாள். ஜெனனி பாதிக் கூறை உடுத்தி, மீதி தரையில் கிடக்க நின்றாள். உண்மையாகவா என்று கண்ணால் கேட்டாள். சிவதர்சினி தலையாட்டியதும் சேலையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். அலங்கரித்துவிட்ட பெண்தான் அழுதாள்.

மேடையில் ஐயர் மட்டும் நின்றார். ஓமம் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பை அப்படியே விட்டுவிட்டு யாரும் போக முடியாது. அவருடைய விதியும் அதுதான், அவளுடைய விதியும் அதுதான். ஐயர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து ஓமத்திலிருந்து ஒரு கைவிளக்கை ஏற்றி, வேட்டித் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு இறங்கினார். “இனி நீங்கள் செய்யுங்கோ,” என்றார்.

அவள் மணல் வாளியைத் தூக்கினாள். எத்தனையோ நெருப்பை அணைத்த கை. பயிற்சியில் சிரித்துக்கொண்டே அணைத்த கை. அன்று வாளி கனத்தது. வாசலில் தாய் நின்று பார்த்துக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். கண்ணை மூடாமல் மணலைக் கொட்டினாள். சமித்துக் குச்சிகள் சீறி அடங்கின.

வெளியே வந்தபோது பேஜர் அடித்து ஓடிவந்தவர்கள் கொட்டகையின் கதவுகளைத் தூக்கிவிட்டிருந்தார்கள். பம்பு இயக்க வேறு ஆள் இன்னும் வந்து சேரவில்லை. லூஷர் அவளைப் பார்த்து வண்டியைக் காட்டினார். அவள் வண்டியை மண்டபத்தின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். முகமூடி போட்ட இருவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு கூரைக்குள் ஏறினார்கள். அவள் பம்பைத் தொடங்கி, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனம் முற்றத்தில் பட்டுச்சேலையோடு குளிரில் நடுங்கியது. வெறுமையான கொட்டகைக்குள் அவர்களைப் போகச் சொன்னவர் லூஷர். உள்ளே சூடு இருந்தது. ஐயர் விளக்கை ஒரு கருவிப்பெட்டியின் மேல் வைத்தார். தலைக்கவசங்களும் மழையங்கிகளும் தொங்குகிற கொக்கிகளுக்கு முன்னால் அங்கிருந்த கதிரைகள் இரண்டை எடுத்துப் போட்டார்கள். பெண்கள் சூழ நின்று சேலையால் மறைப்புக் கட்டி ஜெனனிக்குக் கூறையை உடுத்தினார்கள்.

சிவதர்சினிக்கு இதெல்லாம் பிறகு சொல்லித்தான் தெரியும். அவள் கொட்டகைக்கு முதுகு காட்டி நின்றாள். மேலேயிருந்து அமுக்கம் கேட்டார்கள், கொடுத்தாள். குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து கெட்டிமேளம் எழுந்தது. திரும்பினால் ஒரு கணம்தான். அவள் திரும்பவில்லை. முள் நடுங்கிக்கொண்டிருந்தது, அதை விட்டுக் கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை.

வெப்பத்தைக் காட்டும் கமெரா கூரைக்குள் குழாயைக் கொதிப்பாகக் காட்டியது. அதை ஒட்டிய மரச்சட்டம் ஒன்று கரியாகியிருந்தது, பஞ்சு உறை புகைந்துகொண்டிருந்தது. தகரத்தைப் பிரித்து, கொஞ்சத் தண்ணீரில் எல்லாம் முடிந்துவிட்டது. மேலே போனவர்கள் இறங்கியபின் அவள் லூஷரிடம் கேட்டாள்: அரை மணித்தியாலம் பொறுத்திருந்தால்? அவர் தாடியைச் சொறிந்தார். கூரை பிடித்திருக்கலாம் என்றார். தானாகவே அணைந்தும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது, நீ செய்தது சரி என்றார்.

கடைசி மூன்று சொற்கள் அவள் மனதில் நிற்கவில்லை. யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் நின்றது. வேலையிலும் பேருந்திலும் அதையே புரட்டினாள். மண்டபத்தைத் திருத்தும்போது ஒருநாள் போய், கழற்றிப் போட்டிருந்த அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். கரி ஒரு கைவிரல் ஆழத்துக்குப் போயிருந்தது. அது அதிகமா, கொஞ்சமா என்று அவளுக்கே தீர்க்க முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிந்திய நாலாம் சடங்கு விருந்துக்குத் தம்பித்துரை தமக்கையை அழைத்தார். மருமகள் சிவதர்சினியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் சிவதர்சினி வீட்டுக்கு வந்தபோது, தாய் நல்ல சேலை உடுத்து, நகை போட்டு, குசினியில் சாப்பாட்டு மேசையருகே இருந்தார். போகவில்லையா என்று அவள் கேட்டாள்.

“வெளிக்கிட்டனான்தான். உன்னைக் கூப்பிடாத வீட்டில எனக்கு என்ன வேலை எண்டு இருந்திட்டன்.”

ஓமத்தில் மணல் கொட்டியதைப் பற்றித் தாய் என்ன நினைக்கிறார் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் தாய் சோறு போட்டார். அன்று அவள் கதிரையில் இருந்து சாப்பிட்டாள்.

வைகாசியளவில் ஒருநாள் தம்பித்துரை மருந்துக்கடைக்கு வந்தார். பிரஷர் குளிசையை அவர் வழக்கமாக வாங்குவது ஆராவில். இங்கே வரக் காரணமில்லை. சிவதர்சினி குளிசையை எடுத்துக் கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேட்டாள். ஜெனனி கூரிலிருந்து போன் எடுத்ததாகச் சொன்னார். கொட்டகைக்குள் தாலி கட்டிய படத்தைப் பெரிதாக்கி அவர்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்களாம், மேடைப் படத்தை மாட்டவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. குளிசைப் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்தார். ஆனால் போகவில்லை.

“எங்கட வீட்டு அடுப்புக்கு மேலயும் அந்தக் காத்தாடி இருக்குது. அதுக்குள்ளயும் எண்ணெய் பிடிக்குமோ?”

“ஓம் மாமா. பிடிக்கும்.”

“மாமி ஒரு நாளும் கழட்டினதில்லை.” அவர் வாசலைப் பார்த்தார். “நேரம் கிடைச்சா வந்து ஒருக்காப் பார்.”

அடுத்த ஞாயிறே போனாள். அவர் கதிரையைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறிக் காத்தாடியின் வடிதட்டுகளைக் கழற்றினாள். கருப்பாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டின. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அழுக்கு வந்துகொண்டே இருந்தது. தம்பித்துரை பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாங்கித் துடைத்தார். கல்யாணத்தைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. கடைசித் தட்டையும் மாட்டிவிட்டு இறங்கியவள், சுவர் ஓரமாக உள்ளே போகும் குழாயை நிமிர்ந்து பார்த்தாள். அதன் மறுமுனை எங்கே திறக்கிறது என்று கேட்டாள். தனக்குத் தெரியாது என்றார் மாமா. இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு அதைத் தேடி வெளியே போனார்கள்.