மொட்டைமாடிக் குரோட்டன்ஸ்

ரெட்டியார்பாளையத்து வீட்டில் கீழே நாங்கள், மாடியில் என் கொழுந்தனார் குடும்பம். பெரிய மார்க்கெட்டில் மாலை கட்டுபவர் கொடுத்த ஒரு குரோட்டன்ஸ் கிளையை நானும் என் ஓரகத்தியும் ஆளுக்குப் பாதியாக வெட்டி நட்டோம். ரெண்டு வருஷத்தில் அவளுடையது மொட்டைமாடித் தொட்டியில் மஞ்சளும் சிவப்புமாகத் தகதகத்தது. என்னுடையது மாடிப்படி ஓரச் சந்துத் தொட்டியில் வெறும் பச்சை. சாணம், முட்டை ஓடு, டீத்தூள், எதைப் போட்டும் நிறம் ஏறவில்லை.

"அதுக்கு வெயில் வேணும்க்கா," என்றாள். வெயிலும் இவள் பக்கம்தானா என்று எனக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மாலைக்காரர் வந்து அவளிடம் இலை கேட்டு வாங்கிப்போவார். கல்யாண மாலையில் பூவுக்கு நடுவே வைத்துக் கட்ட, சீர்த்தட்டில் பழத்துக்கு அடியில் பரப்ப, கல்லறைத் திருநாள் சமயத்தில் மலர்வளையத்துக்கு. என் செடியை உரசிக்கொண்டுதான் படி ஏறுவார். ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

ஆடியில் அவள் கனகசெட்டிக்குளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். "செடிக்குத் தண்ணி ஊத்துங்கக்கா" என்று சாவியைக் கொடுத்தாள். குடத்தோடு கத்தரிக்கோலையும் எடுத்துப் போனேன். ஒரே ஒரு கிளை என்றுதான் நினைத்தேன். கை நிற்கவில்லை. முழங்கால் உயரக் குச்சிகளாக அது நின்றபோதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

திரும்பி வந்தவள் குச்சிகளைப் பார்த்தாள்.

"ஆடு ஏறிடுச்சோ என்னமோ," என்றேன்.

அவள் கொடியில் காய்ந்த என் நைட்டியைப் பார்த்தாள். முன்பக்கமெல்லாம் பழுப்புக் கறை. "குரோட்டன்ஸ் பால் பட்டா போகாதுக்கா," என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் வெட்டின இடத்திலெல்லாம் மூணு, நாலு தளிர் வெடித்து, ஐப்பசிக்குள் செடி புதராகிவிட்டது. மாலைக்காரர் அசந்துபோனார். "நேரம் பார்த்துக் கவாத்து பண்ணியிருக்கம்மா! கைராசிக்காரி!"

அவள் தலையாட்டிச் சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"வெட்டினது நான்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாலைக்காரர் இலைக்கட்டோடு நழுவிவிட்டார்.

"இப்பவாச்சும் வாய் தொறந்தீங்களே," என்றாள். "உங்க தொட்டியத் தூக்கிட்டு மேல வாங்க. இடம் கெடக்குது."

என் தொட்டி இப்போது அவளுடையதன் பக்கத்தில் இருக்கிறது. இலையில் சிவப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. அவளுடையது இன்னும் கூடுதல் சிவப்பு. தினமும் துணி காயப்போடும் சாக்கில் ஏறிப்போய் ரெண்டையும் பார்க்கிறேன்.