அக்காளின் பெர்மிட்

எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்க வந்த அக்காளின் மகன், "மாமா, அம்மாவப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார். அதனால்தான் எழுதத் தயங்கினேன்.

அக்காள் பிறந்தது உடன்குடிக்கு அருகே, செம்மணல் மேடான தேரியை ஒட்டிய சிற்றூரில். அப்பாவை இழந்ததும் அம்மா எங்கள் இருவரையும் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தார். அக்காள் ஐந்தாம் வகுப்போடு நின்றார். நான் படிக்க வேண்டும் என்பதற்காக நின்றார். பிறகு அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுக் கொழும்பு சென்றார். அத்தானுக்கு அங்கே கருப்பட்டிக் கடை. கடைக்கு மேலேயே வீடு. "ஜன்னலைத் தொறந்தா நம்ம ஊர்த் தோணி வாரது தெரியும்" என்று கடிதம் எழுதுவார்.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்தார். ஆண் குழந்தை பிறந்தது. கடல் கடந்து திரும்பிப் போக அப்போது அனுமதிச்சீட்டு வேண்டும். பெர்மிட் என்போம். அக்காளுக்காக விண்ணப்பித்தவன் நானே. அம்மா படுக்கையில் இருந்தார். நான் சட்டத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும், எனக்கு வேளைக்குச் சோறு போடுவதும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காள்தான்.

அக்காள் வந்த எட்டாம் மாதம் பெர்மிட் வந்தது. தபால்காரர் என் கையில் கொடுத்தார். அதைச் சட்டப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

"ஏலே தம்பி, பெர்மிட்டு வந்துட்டா?" என்று அக்காள் வாரந்தோறும் கேட்பார்.

"யுத்த காலம்லா அக்கா. மெதுவாத்தான் வரும்."

"ஒன் அத்தான் தானே பொங்கிச் சாப்பிடுதாவளாம். உப்பே போடத் தெரியாது அவியளுக்கு" என்று சிரித்துக்கொண்டே குழந்தைக்குத் தலை துவட்டுவார்.

ஆறு மாதம் அப்படிச் சொன்னேன். தேர்வு முடிந்தது. அதற்குள் அம்மாவும் எழுந்து நடமாடத் தொடங்கினார். இன்றுதான் வந்தது என்று பெர்மிட்டை நீட்டினேன். அக்காள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது வந்த உறையை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை.

நம் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு இலங்கையும். மனித உரிமைகளை உலக நாடுகள் கூடி அறிவித்தபோது, நான் இளம் வழக்கறிஞன். எங்கள் வாசகசாலையில் அந்தப் பிரகடனத்தைத் தமிழில் விளக்கிப் பேசினேன். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு, குடும்பத்தைக் காப்பது அரசின் கடமை என்றெல்லாம் சொன்னேன். ஊருக்கு வந்திருந்த அக்காளும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "அந்த உரிமை கொழும்பு ஆபீசுல செல்லுமாலே?" என்றார்.

"அது உலகம் குடுத்த வாக்கு அக்கா. நடப்புக்கு வரணும்னா ஒவ்வொரு நாடும் தன் சட்டத்துல எழுதணும்."

"எழுதுதவன் வீட்டுல பொண்டாட்டி பிள்ளை கிடையாதா?"

அக்காள் கேட்டதில் காரணம் இருந்தது. இந்திய வம்சாவளியினர் அங்கே குடியுரிமை பெறுவதற்கு ஒரு சட்டம் வந்தது. விண்ணப்பிப்பவரோடு மனைவியும் தொடர்ந்து அங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்வார்கள். அக்காள் இங்கே இருந்தது பதினான்கு மாதம்.

விசாரணைக்கு நானும் சாட்சியாகக் கொழும்பு சென்றேன். அதிகாரி தமிழர், தன்மையானவர். "ஏன் அம்மா, காலத்துக்குத் திரும்பி வரயில்லை?" என்று அக்காளைக் கேட்டார்.

"பெர்மிட்டு வரலை ஐயா. வந்த அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "வேறு ஆரும் மறிச்சு வச்சிருந்தாச் சொல்லுங்கோ. நான் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறன். பெர்மிட் எப்ப கையில கிடைச்சது, நினைவிருக்கோ?"

பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தைரியம் சொல்வதுபோல் தலையசைத்தார். அவர் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு நினைவில்லை ஐயா" என்றேன்.

விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அக்காள் மகனோடு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சொல்லியிருந்தால் வென்றிருப்போமா, தெரியாது. ஆனால் சட்டம் அன்று அக்காளுக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்தது. அதைச் சாத்தியவன் நான்.

ஊர் திரும்பும் வழியில் அக்காள்தான் என்னைத் தேற்றினார். "நெனப்பில்லாட்டா நீ என்னலே செய்வ? பரீச்சைக்குப் படிச்ச நேரம்லா அது. முகத்தைத் தொடை."

அத்தான் தற்காலிக அனுமதியில் அங்கேயே கடையைப் பார்த்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவார். அக்காள் இங்கே சரக்குக் கிட்டங்கியில் சாக்குத் தைத்து மகனை வளர்த்தார். அத்தான் அங்கே காலமானபோது, அக்காளின் பயண அனுமதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம் கடைசி நாட்களிலும் அக்காள் ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போடச் சொன்னார். கடல் தெரியாது என்றேன். காற்று வருமே என்றார்.

அக்காளை இறுதிவரை பேணிய மருமகளுக்கும், மருந்து தவறாமல் கொடுத்த செவிலியருக்கும், கொழும்பில் அத்தானைத் தோளில் சுமந்த முகம் தெரியாத அண்டைவீட்டாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. தபால் முத்திரையில் தேதி தெளிவாகத் தெரிகிறது. நினைவு நாளன்று அதை அக்காளின் மகன் கையில் கொடுப்பேன். தகப்பனார் ஏன் தன்னோடு இல்லை என்று என்னிடம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உறவினர் அனைவர் முன்னிலையிலும் கேட்கட்டும்.

அக்கா, எனக்கு நினைவிருக்கிறது.